கீழ் வலது மூலை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் கம்ப்யூட்டர் கருகியது. பெரிய புகையெல்லாம் இல்லை. பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை, ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு இருண்ட திரை. தியேட்டர் நர்ஸ் இன்டர்காமில் கூப்பிட்டு, “கம்ப்யூட்டரம்மா, உங்க புள்ள மண்டையப் போட்டுட்டான். வந்து தூக்கிட்டுப் போங்க” என்றாள்.

ஆஸ்பத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிட்டாலும் அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான். அறுபது படுக்கைகள் உள்ள தனியார் ஆஸ்பத்திரி. இருபத்தேழு கம்ப்யூட்டர், எட்டு பிரிண்டர், நாலு மாடிக்கும் ஓடுகிற கேபிள், எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒருமுறை நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம் ஓடும். அந்த அதிகாரியிடம் என்ன கேட்டாலும் முதலில் வருகிற பதில், “ஆகட்டும், பாக்கலாம்.” அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ஆகட்டும் சார்.

பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மதர்போர்டில் வரிசையாக மூன்று கெப்பாசிட்டர்கள் உப்பிப்போய், ஒன்று வாய் பிளந்து கிடந்தது. மூடிவிட்ட மருந்துக் கவுன்ட்டரின் பழைய மெஷினிலிருந்து கழற்றி வைத்த ஒரு போர்டு ஸ்டோரில் இருந்தது. அதைத் துடைத்து, மாட்டி, பழைய டிஸ்க்கை இணைத்து, மத்தியானம் இரண்டு மணிக்குள் உயிர் கொடுத்துவிட்டாள். படங்கள் திறந்தன. பெரிய திரை ஒளிர்ந்தது. நர்ஸ் கைதட்டக்கூடச் செய்தாள்.

ஒரே ஒரு குறை. திரையின் கீழ் வலது மூலையில், வெளிறிய சாம்பல் நிறத்தில் இரண்டு வரிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. இந்தக் கம்ப்யூட்டர் ஆக்டிவேட் செய்யப்படவில்லை, செட்டிங்ஸுக்குப் போய்ச் செய்யவும் என்று. எதைத் திறந்தாலும் அந்த வரிகள் அதற்கு மேலேயே மிதந்தன.

“என்ன சொல்லுது?” என்றாள் நர்ஸ்.

“ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு லைசென்ஸ் இல்லையாம்.”

“ஆபரேட்டிங் சிஸ்டமா? அது நாங்கதானே!” என்று சிரித்துவிட்டு நர்ஸ் கத்தரிகளை எண்ணப் போனாள்.

கீழே வந்து அவள் ஒவ்வொன்றாக முயன்றாள். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பாதி எழுத்துகள் தேய்ந்திருந்தன. டார்ச் அடித்து, போனில் படமெடுத்துப் பெரிதாக்கி, இருபத்தைந்து எழுத்தையும் மீட்டுப் போட்டுப் பார்த்தாள். செல்லாது என்றது. ‘ஹார்டுவேர் மாற்றினேன்’ என்ற பொத்தானை அழுத்தினாள். இந்த மெஷின் எந்தக் கணக்கோடும் இணைக்கப்படவில்லை என்றது. கடைசியில் போன். பதிவுசெய்த குரல் ஒன்று எண்களைச் சொல்லச் சொன்னது. ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஏழு எண். அறுபத்து மூன்றையும் அழுத்தி முடித்தபோது ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்து, குரல் சொன்னது கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள். ‘ஏற்க முடியவில்லை’ என்றது குரல். அரை மணி நேரப் பாட்டுக்குப் பிறகு ஓர் ஆள் வந்தார்.

“மதர்போர்டு மாத்தினீங்களா மேடம்?”

“ஆமாங்க. அது மட்டும்தான். பெட்டி அதே, டிஸ்க் அதே, மெமரி அதே.”

“எங்களுக்கு போர்டுதான் மேடம் கணக்கு. மெஷினோட வந்த லைசென்ஸ் பழைய போர்டோட போச்சு. இப்ப உங்க முன்னாடி இருக்கறது வேற கம்ப்யூட்டர். புது லைசென்ஸ் வாங்கிடுங்க.”

அவள் ஆகட்டும் சார் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

“வேலை செய்யுதா?”

“செய்யுது சார். ஆனா…”

“அப்புறம் என்னம்மா? வேலை செய்யாததுக்கே இங்க வரிசை நிக்குது. எழுதிக் குடு. ஆகட்டும், அடுத்த கமிட்டில பாக்கலாம்.”

எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை ஒரு மின்னஞ்சல், சாயங்காலம் இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இல்லை.

அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனுக்கு செல்போன் கடை. புதன்கிழமை சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டு, “இதுக்கா இவ்வளவு? ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு. அரை நிமிஷம். எழுத்து போயிடும், லைசென்ஸ் இருக்கற மாதிரியே நடிக்கும்” என்றான்.

“அதுகூட வேற என்னென்ன உள்ள வரும்னு உனக்குத் தெரியுமா?”

“என் கடைல நூறு மெஷினுக்குப் போட்டிருக்கேன்.”

“உன் கடைல யாரையும் மயக்கம் குடுத்துப் படுக்க வெக்கறதில்லையே” என்றாள். அண்ணி சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

வியாழக்கிழமை காலை சின்ன டாக்டர் அவளைக் காரிடாரில் பிடித்தான். சர்ஜன்களுக்கு உதவியாக இருக்கும் ஜூனியர் அவன். தூங்கிப் பல நாளான முகம். “அந்த எழுத்து என்னங்க? படத்து மேலயே நிக்குது. ஏதாவது பண்ணிடுமா?”

அவள் நின்றுகூடச் சொல்லவில்லை. நடந்துகொண்டே, “அது சும்மா எழுத்துதான் டாக்டர். ஒண்ணும் பண்ணாது. கண்டுக்காதீங்க” என்றாள். கேட்ட மற்றவர்களுக்கும் அதே பதில்தான்.

அன்று மத்தியானம் மூன்றாம் மாடியில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, கையிலிருந்த கருகிய போர்டைப் பார்த்து ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஆஸ்பத்திரி உடுப்பு, திடமான தோள், வெயிலில் கறுத்த வலது கை. லாரி டிரைவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, பழுப்புக் கவர் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“அதுக்கும் ஆபரேஷனாம்மா?”

“இது பிழைக்கல. வேற மாத்திட்டேன்.”

“எனக்கும் நாளைக்கு. கிட்னில கட்டியாம். வலியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் செக்கப்புக்குப் போனேன், அங்க ஆரம்பிச்சது. ஒரு கிட்னியை எடுத்துடுவாங்களாம். இன்னொண்ணு போதுமாம்.”

“எந்தப் பக்கம்?”

அவர் தோளைக் குலுக்கினார். “அதை டாக்டர்தான் சொல்லணும். முதல்ல பாத்தவர் அவசரமா வெளியூர் போயிட்டாராம், வேற பெரிய டாக்டர் வரார். எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு.”

“மாமா, ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னு எனக்கு முன்னாடியே தெரியும்” என்றான் மச்சினன். டிரைவர் அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். லிஃப்ட் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தியேட்டர் முன்னறையில் அவளுக்கு வேலை இருந்தது. வெளி ஸ்கேன் சென்டர்கள் தரும் டிஸ்க்குகளை அந்த மெஷின் படிக்கத் திணறுகிறது என்று புகார். ஒரு கேபிளை மாற்றிவிட்டு, இனி எல்லாப் படத்துக்கும் ஒரு பிரதி சர்வரிலும் இருக்கட்டும் என்று, அன்றைய படங்களைக் கீழே அனுப்பத் தொடங்கினாள். சுவரில் வெள்ளைப் பலகை. முதல் வரியில் டிரைவரின் படுக்கை எண், பக்கத்தில் ‘வலது சிறுநீரகம் அகற்றுதல், 9.30’. வந்திருந்த சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர், இந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டாம் முறையாக வருகிறவர். பெரிய திரையில் டிரைவரின் வயிறு கறுப்பு வெள்ளையில் ஒளிர்ந்தது. மூலையில் அந்த இரண்டு வரிகள்.

கீழே தன் அறைக்கு வந்து, பிரதிகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். இது அவள் எப்போதும் செய்கிற வேலை. படத்தைப் படிக்கத் தெரியாது. திறக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். டிரைவரின் படம் திறந்தது. மூடப்போனவள் கை நின்றது.

கீழ் வலது மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள், ஆங்கில எழுத்து ஒன்று இருந்தது. ஆர்.

மூன்று வருஷமாகப் படங்களைத் திறந்து மூடி அவளுக்கு ஒரு விஷயம் மட்டும் பழகியிருந்தது. நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டுதான் படத்தைப் பார்ப்பார்கள். எனவே அவருடைய வலது, நம் இடது கைப்பக்கம் வரும். வலதைக் குறிக்கும் ஆர் எழுத்து எப்போதும் படத்தின் இடது ஓரத்தில்தான் இருக்கும். இங்கே வலது ஓரத்தில் இருந்தது.

வேறு நோயாளிகளின் படங்களைத் திறந்தாள். நான்கு, ஐந்து, ஏழு. எல்லாவற்றிலும் ஆர் இடது பக்கம். மறுபடி டிரைவர். வலது பக்கம். இந்த ஒரு படத்தை மட்டும் ஸ்கேன் சென்டர்காரர்கள் முதுகுப்பக்கமிருந்து பார்ப்பதுபோலத் திருப்பிச் சேமித்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்த எழுத்து. மேலே தியேட்டரில், சரியாக அந்த எழுத்தின் மேல்தான் அவளுடைய இரண்டு வரிகள் உட்கார்ந்திருந்தன.

அவள் கண்ணுக்கே தெரிகிற அளவு பெரிய கட்டி, படத்தின் இடது பக்கம் இருந்தது. அந்த எழுத்தைப் பார்க்காதவர் வழக்கப்படி அதை வலது என்று எழுதுவார். எழுதியும் இருந்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஏழு.

முதலில் தோன்றியது, நமக்கென்ன தெரியும் என்பதுதான். டாக்டர்கள் ரிப்போர்ட் படித்திருப்பார்கள். வேறு படங்கள் பார்த்திருப்பார்கள். கேபிள் மாட்டுகிறவள் போய் சர்ஜனிடம் இடது வலது சொல்லிக்கொடுப்பதா? அடுத்து தோன்றியது வியாழக்கிழமை காரிடார். சும்மா எழுத்துதான் டாக்டர்.

இன்டர்காமில் தியேட்டரை அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை. யாரும் எடுக்கவில்லை. சின்ன டாக்டரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. தியேட்டருக்குள் போனால் எல்லோரும் அணைத்துவிடுவார்கள். தன் திரையைப் போனில் படமெடுத்துக்கொண்டு ஓடினாள்.

லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. படிக்கட்டு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஆகட்டும் சார் டீக்கோப்பையோடு இறங்கி வந்தார்.

“எங்கம்மா இப்படித் தலைதெறிக்க?”

மூச்சிரைக்க, நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவர் கோப்பையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். முகம் மாறியது. ஆனால் அவள் எதிர்பார்த்த பக்கம் மாறவில்லை.

“இரு. யோசிச்சுப் பேசு. டாக்டருங்க வேலைல நாம மூக்க நுழைக்கறது சரியில்ல. வந்திருக்கறவர் யாருன்னு தெரியுமா? இதுக்காக வேலைய நிறுத்தி, அப்புறம் ஒண்ணுமில்லைன்னா?”

“இருந்தா சார்?”

“அந்த எழுத்து ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொன்னே? இப்ப நீயே போய்ப் பண்ணிடுச்சுன்னு சொல்லப்போறியா? அடுத்த மாசம் உன் ஒப்பந்தக் காகிதம் என் மேசைக்கு வருது. அதையும் நினைச்சுக்கோ.”

அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே அவளுக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் அவளை ஒரு நொடி நிறுத்தி வைத்தது. காகிதம், அண்ணன் வீடு, ஜன்னல் இல்லாத அறை, எல்லாம் வந்து போயின. கையிலிருந்த போனில் மணி ஒன்பது பதினொன்று.

“நினைச்சுக்கறேன் சார்” என்று சொல்லி அவரைத் தாண்டி ஏறினாள்.

தியேட்டர் வாசலில் மச்சினன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கதவை நர்ஸ் பாதி திறந்து, உடம்பால் மறித்துக்கொண்டு நின்றாள்.

“கம்ப்யூட்டரம்மா, இப்ப உள்ள வர முடியாது. செருப்பு, துணி, எதுவும் மாத்தல நீங்க. எதுவா இருந்தாலும் மத்தியானம்.”

“சிஸ்டர், பக்கம் தப்பு. டிரைவருக்கு. வலதுன்னு போட்டிருக்கீங்க, அது இடது.”

நர்ஸ் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்து, பாதியில் நின்றது. “என்ன உளர்றீங்க? லிஸ்ட்ல வலது, சம்மதப் பத்திரத்துல வலது, உடம்புல மார்க் போட்டது வலது. மூணு இடத்துலயும் அதேதான் இருக்கு.”

“மூணையும் எதைப் பாத்து எழுதினாங்க?”

நர்ஸ் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். லிஸ்ட்டைச் சின்ன டாக்டர் திரையைப் பார்த்து எழுதினான். பத்திரத்தை லிஸ்ட்டைப் பார்த்து எழுதினார்கள். மார்க்கைப் பத்திரத்தைப் பார்த்துப் போட்டார்கள்.

“ஸ்கேன் ரிப்போர்ட் எங்க? எழுத்துல இருக்குமே, அது?”

“ஃபைல்ல இல்ல. டிஸ்க் மட்டும்தான் வந்தது. சொந்தக்காரங்க கொண்டுவரேன்னு…”

இருவரும் ஒரே நேரத்தில் மச்சினன் பக்கம் திரும்பினார்கள். அவன் திடுக்கிட்டு எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், கசங்காமலிருக்கத் தொடைக்கடியில் வைத்திருந்த பழுப்புக் கவர்.

“இதுவா? யாரும் கேக்கலைங்களே. பத்திரமா வெச்சிருன்னு மாமா சொன்னாரு. என்னாச்சு? மாமாவுக்கு என்னாச்சு?”

அவள் கவரைப் பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே இரண்டு தாள். மருத்துவ ஆங்கிலம். அவள் விரல் வரிக்கு வரி இறங்கியது. நர்ஸ் அவளைவிட வேகமாகப் படித்தாள். இரண்டாம் தாளின் நடுவில் நர்ஸின் விரல் நின்றது. ‘லெஃப்ட்’ என்று இருந்தது. கீழே இன்னொரு இடத்திலும் ‘லெஃப்ட்’.

நர்ஸ் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தானே மூடிக்கொள்கிற கதவு மெதுவாக, மிக மெதுவாக மூடியது.

“அக்கா, என்னன்னு சொல்லுங்க” என்றான் மச்சினன். இவளைவிட அவன் நாலைந்து வயது மூத்தவனாகக்கூட இருப்பான்.

“ஒரு சந்தேகம். கேட்டுட்டு வராங்க.”

“மாமாவ வெட்டிட்டாங்களா?”

“தெரியல.” பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே சத்தமே இல்லை. அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கதவில் இருந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைத் திரைச்சீலையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

கதவு திறந்தது. முகமூடிக்கு மேல் சர்ஜனின் கண்கள். கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சளவில் உயர்த்தி வைத்திருந்தார், எதன் மேலும் படாமல்.

“கம்ப்யூட்டர் ஆள் யாரு?”

“நான்தான் சார்.”

“துணியச் சுத்திக்கிட்டு முன்னறைக்கு வாங்க. சீக்கிரம்.”

நர்ஸ் அவள் மேல் ஒரு மேலங்கியை மாட்டி, காலுக்கு உறை கொடுத்தாள். முன்னறையின் கண்ணாடி வழியே உள்ளே மேசை தெரிந்தது. டிரைவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். வலது இடுப்பு மேலே. மஞ்சள் மருந்து பூசி, சுற்றிலும் பச்சைத் துணி போர்த்தி, நடுவில் ஓர் உள்ளங்கை நீளத்துக்குத் தோல். தோல் முழுசாக இருந்தது. இன்னும் வெட்டவில்லை. பக்கத்தில் சின்ன டாக்டர் சிலைமாதிரி நின்றான்.

“ரிப்போர்ட்டுல இடதுன்னு இருக்கு. படத்துல வலது. ரிப்போர்ட்டுல டைப் பண்றவங்க தப்பு பண்றதும் உண்டு” என்றார் சர்ஜன். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. “படத்துல பக்கம் போட்டிருக்குன்னு சொன்னீங்களாமே. எங்க? எனக்குத் தெரியல.”

அவள் பெரிய திரைக்கு முன் போனாள். இடது பொத்தானை அழுத்திப் படத்தைப் பிடித்து, ஒரு விரற்கடை மேலே இழுத்தாள்.

அவ்வளவுதான். படம் நகர்ந்தது, அந்த இரண்டு வரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றுக்கு அடியிலிருந்து சின்னக் கட்டமும் எழுத்தும் மேலே வந்தன.

மயக்க மருந்து மெஷின் சீராக ஊதி இழுத்தது. சர்ஜன் எழுத்தைப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார். கண்ணாடி வழியே மேசையைப் பார்த்தார்.

“அல்ட்ராசவுண்டை உள்ள தள்ளுங்க” என்றார். “என் கண்ணால பாக்காம இனி எதையும் நம்பறதா இல்ல.”

அந்தச் சின்ன மெஷினை உருட்டி வந்து, டிரைவரின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆனது. அவள் சுவரோரம் ஒட்டி நின்றாள். வலது பக்கம் ஒன்றுமில்லை. நல்ல சிறுநீரகம். இடது பக்கம் வைத்ததும் கட்டி தெரிந்தது; சர்ஜனின் தோள் இறங்கியது.

“துணிய எடுங்க. அவரைத் திருப்பிப் படுக்க வைங்க” என்றார்.

ஆறு பேர் சேர்ந்து, குழாய்களைப் பிடித்துக்கொண்டு, அந்தத் திடமான உடம்பைப் புரட்டினார்கள். அவர் எதுவும் அறியாமல் புரண்டார்.

சர்ஜன் அவள் பக்கம் திரும்பினார். நன்றி என்று சொல்வார் என அவள் நினைக்கவில்லை; அவரும் சொல்லவில்லை. “இந்தச் சாம்பல் எழுத்து இங்க எத்தனை நாளா இருக்கு?”

“செவ்வாய்க்கிழமைலேர்ந்து சார்.”

“இது இருந்தா பரவாயில்லைன்னு யார் சொன்னது?”

சின்ன டாக்டர் தலை குனிந்தான். அவன் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“நான் சொன்னேன் சார்.”

அவர் இரண்டு நொடி அவளையே பார்த்தார். “எழுதி வைங்க. எல்லாத்தையும்.” மறுபடி கை கழுவப் போனார்.

வெளியே வந்தாள். மச்சினனுக்குப் பக்கத்து நாற்காலியில் விழுந்து, “வெட்டல. சரியான பக்கம் பண்றாங்க” என்றாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளே குடித்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு லைசென்ஸ் வந்தது. கமிட்டி கூடவில்லை, காகிதம் சுற்றவில்லை. ஆகட்டும் சார் தானே உட்கார்ந்து வாங்கி, அவள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார். இருபத்தைந்து எழுத்து. முன்னறையில் போய்ப் போட்டாள். ஒரு சக்கரம் சுழன்றது, சாம்பல் வரிகள் மறைந்தன. இருபது நிமிஷத்தில் முடிந்த வேலை. சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது, அதிலும் பாதி தன் மேலேயே. அண்ணனின் திருட்டு சாஃப்ட்வேரைப் போட்டிருந்தால்கூட எழுத்து போயிருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அது இன்னும் கசந்தது. செய்ய வேண்டியது அதுவுமில்லை. செவ்வாய்க்கிழமையே மெஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், இது சரியாகும்வரை தர மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆகட்டும் சார் கீழ்த்தளத்துக்கே வந்தார். அவர் அங்கே வந்து அவள் பார்த்ததில்லை. உட்கார நாற்காலி இல்லாமல் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“ரிப்போர்ட் எழுதறியாமே. வெளி ஸ்கேன் சென்டர் படத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, அதான் காரணம். அதுவும் உண்மைதானே? அத்தோட நிறுத்திக்கலாம். லைசென்ஸ் கதையெல்லாம் எதுக்கு? எனக்கும் தலைவலி, உனக்கும் தலைவலி.”

“அவங்க திருப்பிக் குடுத்தாங்க சார், ஆனா எழுத்துப் போட்டுத்தான் குடுத்தாங்க. நாமதான் மறைச்சோம்.”

“நாமன்னா?”

“நீங்க லைசென்ஸ் வாங்கல. நான் பரவாயில்லைன்னேன்.” விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள். “நான் சொன்னதைத்தான் முதல் பாராவுல எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டவா?”

அவர் வேண்டாம் என்று கையசைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. சின்ன டாக்டரை ஆறு மாதம் லிஸ்ட் எழுத விடவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் தாள் கையில் இல்லாமல் யாரையும் தியேட்டருக்குள் தள்ளக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவளுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அடுத்த மாதம் ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார்கள். அந்தக் காகிதத்தில் ஆகட்டும் சாரின் கையெழுத்து இல்லை. அவருக்கு மேலே உள்ளவருடையது இருந்தது.

இதற்கெல்லாம் முன்பே, சர்ஜனே போய் டிரைவரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போகிற அன்று, இடது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, மச்சினன் தோளில் சாய்ந்தபடி, டிரைவர் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார்.

“அந்தப் படத்தைக் காட்டறியாம்மா?”

அவள் திறந்து காட்டினாள். மூலையில் விரல் வைத்து எழுத்தைக் காட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவூண்டு எழுத்தா?”

“ஆமாங்க.” பிறகு, இதைச் சொல்லாமல் விட முடியாது என்று தோன்றியதால் சொன்னாள். “அதை மறைச்சதுல எனக்கும் பங்கு இருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

மச்சினன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இது அவனுக்குப் புதிய செய்தி. டிரைவர் பார்வையைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

“டாக்டர் சொன்னாரு. ஒரு வாரமாப் படுத்துக்கிட்டு, யார் மேல கோவப்படறதுன்னு வரிசையாப் பாத்துட்டு வரேன். உன்கிட்ட வந்தா, நீ மேல ஓடிவந்ததும் ஞாபகம் வருது. கோவப்படவும் முடியல, விடவும் முடியல.”

“கோவப்படுங்க. தப்பில்ல.”

“பாக்கறேன்” என்றார். “வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூங்கினா ஏதாவது ஒண்ணு தெளியும்.”

மச்சினன் அவரைத் திருப்பி நிறுத்தினான். படிக்கட்டு வேண்டாம், லிஃப்டில் போங்கள் என்று சொல்லி அவளும் கூடப் போனாள். லிஃப்ட் வந்ததும், அவர் ஏறி முடியும்வரை கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.